நாலு முறை ஒலித்த குரல்

காலை 6.10. எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். மாடியில் தண்ணீர் மோட்டார் உறுமத் தொடங்கியது. 6.30 ரேடியோ செய்திக்காகச் சமையலறை ஸ்பீக்கரைப் போட்டான். அவனுடைய போன் படுக்கையறையில், அணைந்து கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கர் ‘டிங்’ என்றது. எதனுடனோ இணைந்துவிட்டது.

“அம்மா, இதோ பாரு…”

இறந்து ஐந்து வாரமான மனைவியின் குரல்.

நின்றது. மறுபடி முதலிலிருந்து, “அம்மா, இதோ பாரு…” மூன்றாம் முறை சத்தம் கூடியது. நான்காம் முறை பாத்திரங்கள் அதிர்ந்தன. பிறகு அமைதி. பால் பொங்கி வழிந்தது.

இது மூன்றாவது நாள். அவளுடைய டேப்லெட் அலமாரியிலிருந்து காணாமல் போய் ஒரு வாரம். பூட்டு எண் போடச் சொன்னால் சிரிப்பாள்.

கடைசி நாளன்று அவள் எழுவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டான். மதியம் மயங்கி விழுந்தவள் பிறகு பேசவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது.

துணைக்கு வந்திருந்த அக்கா வாசற்படியில் வெளிறிப்போய் நின்றாள். “வீட்டைக் காலி பண்ணிடலாம்டா.”

“பேய்னு சொல்றியா?”

“நான் எங்கடா சொன்னேன்? ஸ்பீக்கர் சொல்லுது.”

“பேய்க்கு ப்ளூடூத் எதுக்குக்கா?”

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். டேப்லெட் தொலைந்த அன்றே வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருந்தான். ரூட்டரில் புதிய கருவி எதுவும் இல்லை. அப்படியென்றால் ப்ளூடூத்தான். பத்து மீட்டருக்குள்.

“எதிர்வீட்டு டிரம்ஸ்காரன்தான்” என்றாள் அக்கா. “உன் பொண்டாட்டிகிட்ட வாங்கின திட்டுக்குப் பழி வாங்குறான்.”

7.05. டிரம்ஸ்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தான்.

“ஆறரைக்கு எங்கே இருந்தீங்க?”

“காலையிலயும் ஒரு ஆறரை இருக்கா சார்?”

திரும்பி வரும்போது படியில் நின்றான். பயமுறுத்த நினைப்பவன் முழுவதையும் ஓட விடுவான். இது திரும்பத் திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டி. காதில் எதுவும் விழாதவர் செய்கிற வேலை.

7.20. மாடி. அங்கே குடியிருக்கும் மனைவியின் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, டேப்லெட்ல சத்தம் வரலையா?”

மடித்த புடவை கையிலிருந்து நழுவியது.

“எப்படித் தெரியும் மாப்பிள்ளை?”

“பழக்கப்பட்ட ஸ்பீக்கர் பக்கத்துல இருந்தா டேப்லெட் தானா ஒட்டிக்கும். நீங்க இங்கே தட்டுறீங்க, குரல் கீழே வருது. மோட்டார் நீங்கதான் போடுவீங்க. அது ஓடும்போது மட்டும்தான் குரலும் வருது.”

“அந்தச் சத்தத்துல யாருக்கும் கேட்காதுன்னு நெனச்சேன். கடைசியில எனக்கே கேட்கலை.” தலையணைக்கடியிலிருந்து எடுத்தார். “எனக்குக் கத்துக்கொடுக்க இதுல பேசி வெச்சிருக்கேன்னு அவ சொன்னா. அன்னிக்குக் காலையிலதான்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“உங்க முகத்தைப் பார்த்துட்டு யாருப்பா கேட்பா? கெடுத்துட்டேனோன்னு பயம் வேற.”

ப்ளூடூத்தை அணைத்தான். விரல் அப்படியே நின்றது. இதையும் கேட்டுவிட்டால் அவளிடமிருந்து புதிதாகக் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். திரையை அழுத்தினான்.

“அம்மா, இதோ பாரு. சத்தம் வரலைன்னா மேலே நீலமா ஒண்ணு எரியும். அதை அணைச்சிடு. அப்பவும் வரலைன்னா அவரைக் கூப்பிடு. மூஞ்சிதாம்மா அப்படி. ஒண்ணும் சொல்ல மாட்டார்.”