டாலி ஏறாத மரம்

டிசம்பரில், அதுவும் பூனையோடு, அமெரிக்காவின் பனி நகரமான டுலூத்தில் வாடகை வீடு தேடுவது புத்திசாலித்தனமல்ல என்று எனக்கே தெரியும். போன இடத்திலெல்லாம் என் பூனை ஓட்டிஸைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அதனால், ஏரியோரத்துப் பழைய மர வீட்டின் மாடியைத் தர வீட்டுக்காரர் ப்ரூயிட் சம்மதித்தபோது, அவர் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார். "பூனையோட முன்னங்கால் நகத்த எடுத்துடணும். இந்த வீட்ல குடியிருந்த எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க. வெள்ளிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்லி வைக்கிறேன்."

அவர் மனைவி லோர்னா சிரித்தார். "இந்த மனுஷன் அவரோட சோபாவுக்குக் குடுக்கற மரியாதைய எனக்குக்கூடக் குடுத்ததில்ல, மேரன்."

சரி என்றேன். நகம்தானே.

அங்கே இருட்டு ஏரியிலிருந்து சீக்கிரமே ஏறி வரும். முதல் மாலை, கல்லூரி வகுப்புக்குக் கிளம்பக் கோட்டை மாட்டும்போது கொல்லையில் ஓர் ஓசை கேட்டது. கீறல் ஓசை அல்ல. ஈரத் துணியை மரத்தில் அழுத்தி மேலே இழுப்பதுபோல் மெத்தென்ற ஓசை. கொஞ்சம் ஏறியது. பிறகு நீளமாக வழுக்கி இறங்கியது.

மறுபடி ஏறியது.

கிளை உரசுகிறதா என்று பார்த்தேன்; காற்றே இல்லை. தண்ணீர்க் குழாய், எலி, கூரையிலிருந்து சரியும் பனி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதுவும் பொருந்தாததால் என் காதையே சந்தேகப்பட்டேன். ஆனால் ஓட்டிஸ் சன்னல் விளிம்பில் முன்கால்களை ஊன்றி, கொல்லையிலிருந்த மேப்பிள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை மெல்ல நிமிர்ந்தது. தாழ்ந்தது. நிமிர்ந்தது.

எதையோ பின்தொடர்ந்தபடி.

சன்னல் இடுக்கு வழியே காயத்துக்குப் போடும் மருந்தின் வாடை வந்தது.

வியாழக்கிழமை, சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த லோர்னாவிடம் அதைச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"உனக்கும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தார். "டாலி. எங்க பூனை."

"என்னாச்சு அதுக்கு?"

"நகத்த மட்டும் தனியா எடுக்க முடியாது, மேரன். அது எலும்போட ஒட்டியிருக்கு. ஒவ்வொரு விரல்லயும் கடைசிக் கணுவையே வெட்டிடறாங்க. எங்களுக்கு அப்ப தெரியாது. கட்டுப் பிரிச்சப்புறம் உடைஞ்ச கண்ணாடி மேல நடக்கற மாதிரிதான் நடந்தா. ஒரு நாள் கொல்லைக் கதவு சரியாச் சாத்தல. நாய் ஒண்ணு தொரத்திச்சு. அந்த மரத்துக்குத்தான் ஓடினா."

"ஏறலையா?"

"ஏறினா. வழுக்கினா. திரும்ப ஏறினா. நாங்க செருப்புகூடப் போடாம ஓடினோம்..."

பாதி சீவிய உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அந்தி சாயும்போது ப்ரூயிட் பூனைக் கூண்டோடு மாடிக்கு வந்தார். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், இனி ஓட்டிஸுக்குச் சாப்பாடு வைக்காதே என்றார்.

"அனுப்ப மாட்டேன்," என்றேன். "நாளைக்கே காலி பண்ணிடறேன்."

"இந்தப் பனியில எங்க போவ?"

"கார்ல தூங்கறேன். டாலிக்கு நடந்தது இவனுக்கு நடக்க வேணாம்."

"டாலி செத்தது கதவு தொறந்திருந்ததால. நகம் இல்லாததால இல்ல." கூண்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. "அதனாலதான்னா, நான் அவளுக்கு என்ன பண்ணியிருக்கேன்னு நீயே சொல்லு."

நான் ஓட்டிஸைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

கீழே அந்த ஓசை தொடங்கியது.

அவர் திடுக்கிடவில்லை. கண்களை மட்டும் மூடிக்கொண்டார். எத்தனையோ மாலைகளாக அவருக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கூண்டை வைத்துவிட்டு, கோட்டுகூட இல்லாமல் இறங்கிப் போனார். நானும் லோர்னாவும் கொல்லைக் கதவருகே நின்றோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மரத்தடியில் மண்டியிட்டு வெறுங்கைகளை நீட்டினார்.

"வா கண்ணு. நான் தூக்கி விடறேன்."

ஓசை நின்றது.

அவர் கைகள் சட்டென்று ஏதோ பாரத்தில் தாழ்ந்தன.

கைகளில் ஒன்றும் இல்லை.

அழுதபடியே எழுந்து, எட்டும் மட்டும் உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத அதை ஒரு கிளைமேல் இறக்கி வைத்தார். கிளை லேசாக அசைந்தது.

திரும்பி வந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ போக வேணாம். பூனை அப்படியே இருக்கட்டும்."

அதன்பின் அந்த ஓசை கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, மற்ற கிளைகளிலெல்லாம் பனி குவிந்தபோது, அந்த ஒரு கிளையில் மட்டும் பூனை சுருண்டு படுக்கும் அளவுக்கு ஓர் இடம் காய்ந்தே இருந்தது. ப்ரூயிட் அந்தியில் அதன்கீழ் போய் நின்று கைகளை நீட்டுவார்.

"எறங்கி வா கண்ணு. நாய் போயிடுச்சு."

அவர் கைகள் உயரும்போதெல்லாம், பனியில்லாத அந்த இடம் கிளையில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.