கொத்தும்போது திறக்கும் வாய்

குளிர்காலத்தில் எந்தப் பறவையும் பசியால் சாவதில்லை. மனிதர்களின் இரக்கத்தால்தான் சாகிறது. இந்த உண்மையை உலகத்துக்கு முதலில் சொன்னவன் தான்தான் என்பதில் லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆபீஸ் டீ மேஜையில் சொல்லியிருக்கிறான். மச்சினியின் கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஓரங்கட்டிச் சொல்லியிருக்கிறான். பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பல் டாக்டரிடம், கதவு இடுக்கு வழியாக, அவரைக் காப்பாற்றுவதற்கு முன்பாகவே சொல்லி முடித்திருக்கிறான். தீனி போட ஒரு கை இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே சிறகு சோம்பேறியாகிவிடும். பசிதான் பறவையைப் பறவையாக வைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே புதன்கிழமை காலையில், இரண்டு நாளாகத் தீனித்தட்டு காலியாகக் கிடந்தும், பின்பக்கத் தோட்டத்துச் சுவரில் ஐம்பது அறுபது பறவைகள் தோளோடு தோள் உரச வந்து உட்கார்ந்திருந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குருவிகள், மூன்று காக்கைகள், பெயர் தெரியாத சாம்பல் நிறத்துப் பொடிசுகள். மற்ற நாளில் ஒரு விதைக்கு ஒன்பது சண்டை போடும் கூட்டம். அன்றைக்கு ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. காபியை முடித்துக் கோப்பையைக் கழுவும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவை தீனித்தட்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தங்கைக்கு ஆபரேஷன் என்று மனைவி திங்கட்கிழமை கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். பெட்டியை மூடிக்கொண்டே பாடம் எடுத்தாள்.

"காலையில முதல்ல பறவைங்களுக்கு, அப்புறம்தான் மாமாவுக்கு. அதுங்க கொத்தறதைப் பாத்தாத்தான் மாமா வாயைத் திறப்பாரு."

"ஏன், அதுங்க பிசியோதெரபி படிச்சிருக்கா?"

"படிச்சுதோ இல்லையோ, உங்களைவிடப் பொறுமையா சொல்லிக்குடுக்குது. இன்னொண்ணு. குளிர்ல ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. நம்மளை நம்பி வேற எடம் தேடாம வந்துடும்."

"இதைத்தானே நான் பத்து வருஷமா சொல்றேன்."

"நீங்க சொல்றது வேறங்க."

எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் அப்பா பேச்சை இழந்தார், நடையை இழந்தார், உடம்பின் இடது பாதியையே இழந்தார். அந்தப் பக்கத்தில் ஊசி குத்தினால், வேறு யாரையோ குத்துகிறார்கள் என்பதுபோல் பார்ப்பார். விழுங்கத் தெரியும்; வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று. மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப்போட்டு, வெளியே தட்டில் தீனி வைத்தாள். குருவி ஒருமுறை கொத்தும். அப்பாவின் வாய் தானாகத் திறக்கும். அந்த அரை நொடியில் ஸ்பூன். அடுத்த கொத்து, அடுத்த ஸ்பூன். டாக்டர் கடைசியாக எடை பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "இன்னும் ரெண்டு கிலோ இறங்குச்சுன்னா எங்க கையில இல்ல சார்."

மனைவி ஏறிய பஸ் தெருமுனை திரும்பியதும், அரை மூட்டை தானியத்தையும் சூரியகாந்தி விதையையும் குப்பை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான் இன்ஸ்பெக்டர். நெஞ்சு லேசாக இருந்தது.

ஒன்பது வயதில் ஒரு ராத்திரி அவன் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அதே தட்டை மறுநாள் காலையில் வைத்தார். மத்தியானம் வைத்தார். அதற்கு மறுநாளும் வைத்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "பசிச்சாத் தின்பான்," என்றார் அப்பா, செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டே. மூன்றாம் நாள் தின்றான். மேலே பூஞ்சை பச்சையாக, பூனைக்குட்டியின் முதுகுபோல் மெத்தென்றிருந்தது.

தத்துவத்தின் மூலம் அதுதான். ஆனால் அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் உரிமை கோரியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்பூனை உதட்டில் வைத்தான். உதடு தபால் உறைபோல் ஒட்டிக்கிடந்தது. மூக்கைப் பிடித்தான், தாடையைத் தடவினான், கொஞ்சினான், அதட்டினான். ஓட்ஸ் கூழ் மோவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கியது. அப்பாவின் கண்கள் காலித்தட்டின் மேலேயே இருந்தன. ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னான்: "பசிச்சாத் தின்பாரு."

சொன்னபோது வாய்க்குள் ஒரு ருசி வந்தது. நல்ல ருசி.

புதன்கிழமை, சுவரில் அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகு, நோயின் வேரைப் பிடித்துவிட்டதாக முடிவு செய்தான். வேடிக்கைதான் கெடுக்கிறது. திரைச்சீலையை இழுத்து மூடி, ஓரங்களில் துணி கிளிப் போட்டான். அறையில் மருந்தும் மூத்திரமும் கலந்த நெடி இருந்ததால், சீலைக்குப் பின்னால் ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்தான். லிஃப்ட் வேலையில் அவன் கற்றது இது: அடைத்த பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும்.

வியாழக்கிழமை பனி கொட்டியது. தெருவும் வேலியும் காரும் ஒரே வெள்ளைப் பொதியாகிவிட்டன. எல்லாச் சத்தத்தையும் பனி உறிஞ்சிக்கொள்ள, வீட்டுக்குள் ஹீட்டர் குழாய் முனகுவதும், குளிர்ப்பெட்டி நின்று நின்று மூச்சு விடுவதும், அப்பாவின் தொண்டையில் எச்சில் ஏறி இறங்குவதும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே கேட்டன. ஈரப்பஞ்சால் அவர் உதட்டை நனைத்தான். பஞ்சை எடுத்ததும் உதடு மூடிக்கொண்டது. கன்னம் உள்வாங்கியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவன், பிடித்ததே தெரியாததுபோல் விட்டுவிட்டான்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"மாமா சாப்பிட்டாரா?"

"ம்."

"பறவைங்க வருதா?"

"எங்க போகுதுங்க. வந்து குந்திக்கிட்டுத்தான் இருக்கு."

"பனி பெஞ்சா ரெண்டு வேளை போடணும். பட்டினி கிடந்தா என்ன வேணா பண்ணும்."

"ஆபரேஷன் எப்படி?" என்று பேச்சை மாற்றினான்.

நான்கு மணிக்கே வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது, அந்தச் சத்தம் வந்தது.

டொக்.

சீலைக்குப் பின்னாலிருந்து. ஜன்னலின் தகர விளிம்பில் அலகு படும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டப் பூசிய மக்கைக் கொத்துகின்றன என்று நினைத்தான். விரட்டலாம் என்று எழுந்தவன், அப்படியே நின்றான்.

அப்பா வாயைத் திறந்திருந்தார்.

ஆறிப்போன கூழை அள்ளி ஓடிவந்தான். ஸ்பூன் உள்ளே போயிற்று. விழுங்கினார். டொக். திறந்தது. ஸ்பூன். டொக். ஸ்பூன். ஒரு கிண்ணம் காலி. மூன்று நாளில் முதல் கிண்ணம். விதை இல்லை, தட்டு இல்லை, பரிவு இல்லை. பசி மட்டும் செய்த வேலை. ஆபீஸ் டீ மேஜையில் இதை எப்படித் தொடங்குவது என்று அவன் அப்போதே வாக்கியம் கட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சத்தம் ஓயவில்லை. அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மத்தியானம் இன்னும் இரண்டு. ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. சத்தம் மாறிக்கொண்டே வந்தது. காலையில் தகரத்தில் தட்டியதுபோல் கணீரென்று இருந்தது, பிற்பகலில் மந்தமாகி, பிறகு ஈரமாகி, ஊறிய துணியைக் கிள்ளிக் கிள்ளி இழுப்பதுபோல் ஆயிற்று. நடுநடுவே சிறகுகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு. அறையில் ஒரு நெடி. அவனுக்குப் பழக்கமான நெடிதான். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது அடிப்பது, ஈர இரும்பின் நெடி. ஹீட்டர் குழாய் துருப்பிடிக்கிறது, வசந்தம் வந்ததும் மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டான். அப்பா மட்டும் மென்றுகொண்டே, மூடிய சீலையைப் பார்த்து, வாயின் வலது ஓரத்தால் சிரிப்பதுபோல் இருந்தார்.

சனிக்கிழமை காலை, வாசல் பனியை ஒதுக்குவதற்காக மண்வெட்டி எடுக்கப் பின்பக்கம் போனான். சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து தையல்கார அம்மா எட்டிப் பார்த்தாள். தலையில் கம்பளி, கையில் டீ.

"ஒருவழியா மனசு எறங்கிட்டீங்க தம்பி. நான்கூட நெனச்சேன், அந்தப் பொண்ணு ஊர்ல இல்லையே, இந்த மனுஷன் எங்க போடப்போறாருன்னு."

"என்னது?"

"அதான், ஜன்னல்ல வச்சிருக்கீங்களே. ரெண்டு நாளா என்னமா மொய்க்குது. என்ன தம்பி அது, கறியா?"

"நான் ஒண்ணும் வைக்கலைங்க."

"சும்மா சொல்லாதீங்க. நல்லது பண்ணிட்டு ஒத்துக்கறதுக்கு ஒரு வெக்கமா."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவன் திரும்பினான். அப்பாவின் ஜன்னல். விளிம்பு தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. நெருக்கியடித்த, துடிக்கும், சாம்பலும் கறுப்புமான முதுகுகள். கீழே பனியில் சிவப்பாக ஏதோ பொட்டுப்பொட்டாக. ஏதாவது பழமாக இருக்கும். இந்தப் பக்கம் பழமரம் ஏது.

மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். அது விழுந்தது. ஒரு பறவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தான். நடைவழி. அப்பாவின் கதவு. நெடி.

அப்பா வாயைத் திறந்து வைத்திருந்தார்.

போர்வையின் வலது பக்கத்தில் ஒரு கை இருந்தது. இடது பக்கத்தில் போர்வை தட்டையாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கை தோளிலிருந்து சரிந்து, சீலைக்கு அடியில் போயிருந்தது.

முதல் கிளிப்பை எடுத்தான். இரண்டாவது.

ஜன்னல் இடைவெளி ஒரு சாண். கை போக அது போதும். தானாக நழுவிப் போயிருக்க வேண்டும். அந்தக் கையைத்தான் அப்பா எட்டு மாதமாக மறந்துவிட்டாரே. தகர விளிம்பில் உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது, எதையோ கொடுப்பதுபோல். விரல்களை எண்ணத் தொடங்கினான். மூன்றில் எண்ணிக்கை நின்றது. நடுவில் வெள்ளையாக ஒன்று, சுத்தமாக, துடைத்து வைத்ததுபோல். ஒரு குருவி அதன்மேல் நின்று அலகைத் தீட்டியது.

டொக்.

அப்பா வாயைத் திறந்தார்.

என்ன செய்தான் என்பது அவனுக்கே வரிசையாக நினைவில்லை. கையை உள்ளே இழுத்தான். துண்டைச் சுற்றினான். ஜன்னலை அறைந்து சாத்தினான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். ஒரு பெண் நிதானமாகப் பேசினாள்.

"ரோட்ல பனி வாரிக்கிட்டிருக்காங்க சார். ஆம்புலன்ஸ் வர சாயங்காலம் ஆயிடும். இறுக்கிக் கட்டுங்க. ரொம்ப பலவீனமா இருக்காருன்னு சொல்றீங்க, சர்க்கரை எறங்கிடக் கூடாது. முழிப்பாத்தானே இருக்காரு? கொஞ்சம் கொஞ்சமா எதையாவது ஊட்டிக்கிட்டே இருங்க. மயங்க விட்டுடாதீங்க."

சர்க்கரை கலந்த கூழோடு வந்தான். உதடு மூடியிருந்தது.

"அப்பா."

மூடியிருந்தது.

"அப்பா, வாயைத் திறங்கப்பா. ஒரு வாய்."

கரண்டியால் ஜன்னல் சட்டத்தில் தட்டினான். டொக். அப்பா அவனைப் பார்த்தார். பார்வையில் ஏமாறுகிற ஆளின் சாயல் இல்லை. நகத்தால் தட்டினான். உதட்டைக் குவித்துக் கீச்சென்றான். முப்பத்தேழு கட்டடங்களின் லிஃப்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர், கட்டிலோரம் குனிந்து குருவிபோல் கீச்சென்றான். உதடு மூடியே இருந்தது. முகத்தில் நிறம் வடிந்துகொண்டிருந்தது. கண் செருகியது, திறந்தது, செருகியது.

வெளியே ஓடினான். வீட்டிலிருந்த ரொட்டியை எல்லாம் பிய்த்துத் தட்டில் போட்டான். ஓட்ஸ் டப்பாவைக் கவிழ்த்தான். பிஸ்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் பொடித்தான். யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை. மெதுவாக, மனைவியின் குரலில், மனைவி கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான்.

"வாங்க. வாங்கம்மா. சாப்பிடுங்க."

சுவர் நிறைய உட்கார்ந்திருந்தன. ரொட்டியின்மேல் பனி விழுந்தது. ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாக் கண்ணும் ஜன்னல் விளிம்பில்.

திரும்பி வந்தபோது அப்பாவின் மூச்சு இரண்டுக்கு ஒன்று தவறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டான். கூழ்க் கிண்ணத்தை மடியில் வைத்தான். சீலையை முழுக்க ஒதுக்கினான். ஜன்னலை ஒரு சாண் திறந்தான்.

ஸ்வெட்டரின் இடது கையை முழங்கை வரை சுருட்டினான். கடிகாரத்தைக் கழற்றினான். வெளியே நீட்டி, தகர விளிம்பில் வைத்தான், உள்ளங்கை மேலே பார்க்க. தகரம் சில்லென்றிருந்தது. விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

முதலில் ஒன்றுதான் வந்தது. சாம்பல் நிறப் பொடிசு. கட்டை விரலின்மேல் உட்கார்ந்தது. கனமே இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தது.

கொத்தியது.

அப்பா வாயைத் திறந்தார்.

அவன் ஸ்பூனை வைத்தான். அப்பா விழுங்கினார். சுவரிலிருந்து மற்றவை கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் வெளியே திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த ஸ்பூனை அள்ளிக்கொண்டிருந்தான்.