யாரும் போடாத கையெழுத்து

"யார் போட்ட கையெழுத்து, அண்ணி? சொல்லுங்க!"

முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் கொழுந்தன், காலைப் பத்திரிகையை அடுப்பு மேடையில் வீசினான்.

மூலையில் சின்னச் செய்தி. தூக்குத் தண்டனை பெற்றவனின் வழக்கு இன்று உயர் நீதிமன்றத்தில் மறுபடி விசாரணைக்கு வருகிறதாம். அந்தக் கைதி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் குத்திச் சாய்த்தது அவள் கணவனை!

"நான் எந்த அப்பீல் மனுவுலயும் போடலைப்பா..."

"அப்ப, கேஸுக்குக் காலு முளைச்சுத் தானா நடந்து போச்சா?"

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூண்டுல ஏறி, 'என் தம்பிதான் குத்தினான்'னு நீ சொன்னப்போ, இவ மருமக இல்ல, என் மகள்னேனே! கடைசில உன் ரத்தம்தான் பெருசாப் போச்சா...!"

அவள் பால் பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"எங்க வக்கீலோட கோட்டு ரெடியா? பொத்தான் இல்லாம அவர் கோர்ட்டுக்குப் போனா, கேஸை விட்டுட்டு எல்லாரும் என்னைத்தான் விசாரிப்பாங்க!" என்றபடி கடைக்குள் நுழைந்தார், மாடி வீட்டு வக்கீல் குமாஸ்தா.

மாமியார் பத்திரிகையை எடுத்துப் போய் அவரிடமே நீட்டினாள். படித்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்மா! தூக்குன்னு தீர்ப்பு வந்தா, கேஸ் கட்டு தானாவே மேல்கோர்ட்டுக்குப் போயிடும். அந்த ஆளே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாலும் விடமாட்டாங்க. உசுரு விஷயமாச்சே!"

அவர் கோட்டோடு போய்விட்டார். கொழுந்தன் தலையைத் தொங்கப் போட்டான். "அண்ணி... மன்னிச்சிருங்க."

"பாவி நான்... உன்னைப் போய்..." மாமியார் கட்டிக்கொள்ள வந்தாள். அவள் அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"மன்னிப்பு வேண்டாம் அத்தை. நான் கையெழுத்துப் போடலை. ஏன்னா, யாரும் கேக்கலை. கேட்டிருந்தா... போட்டிருப்பேன்!"

கொழுந்தன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அவன் ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கட்டும். ஆனா நான் சொன்ன சாட்சியே அவன் கழுத்துல கயிறா விழ வேண்டாம் அத்தை! கண்ணை மூடினா அதான் தெரியுது... நான் இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போறேன். அப்புறம் இந்த வீட்டுல எனக்கு இடம் உண்டா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

அவள் செருப்பை மாட்டினாள்.

"அவன் செத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் மாமியார். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா, தீர்ப்பு எப்படி வந்தாலும் நீ தனியா உக்காந்து கேக்கக் கூடாது. டேய்... அண்ணிகூடப் போ. சாயங்காலம் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வா!"

கொழுந்தன் போய்க் கடைக் கதவைச் சாத்தினான்.

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைய, அவள் மாமியாரின் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதாள்.