அணிலா, ஐராவதமா?

சென்னை ரிச்சி தெருவில் இப்போதெல்லாம் யாரும் டப்பாவைப் பார்த்து, கணினியில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதில்லை. கடைக்குக் கடை முன்வாழ்வி என்ற மிஷின் வந்துவிட்டது. அதன் உறைக்குள் கையை விட்டால் போதும். உங்கள் பழக்கவழக்கம், பாதியில் நிற்கும் வேலை எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். அந்த கார்டோடு நீங்கள் கழிக்கப்போகும் அடுத்த முப்பது நாளைப் பத்தே நிமிடத்தில் திரையில் ஓட்டிக் காட்டிவிடும்.

ஜெசிந்தாவுக்கு வேண்டியதும் சரியாக முப்பது நாள்தான். சிறுவர் அலைவரிசை ஒன்று காட்டைப் பற்றி ஆறு நிமிட அசைபடம் கேட்டிருந்தது. வருகிற படங்களில் தேறுகிற ஒன்றை எடுத்தவருக்கு முழுத் தொடர் வாய்ப்பும் கிடைக்கும். ஆறு வருடமாகக் கல்யாண அழைப்பிதழ் வீடியோவில் மயிலை ஆடவிட்டே அலுத்துப்போனவள் அவள்.

"எப்பவாச்சும் கேமும் ஆடுவோம் பாய்," என்றான் கணவன் அல்போன்ஸ், பட்டும் படாமலும்.

"அப்ப நீங்களும் கைய விடுங்க சார்," என்றார் கடைக்காரர் இத்ரீஸ் பாய்.

முதலில் ஐராவதம். கடையிலேயே பெரிய கார்டு. திரையில் காடு விரிந்தது. ஒவ்வோர் இலையும் தனித்தனியாக நடுங்கியது. இலை நரம்பில் எறும்பு ஊர்ந்தது. ஜெசிந்தா மூச்சு விட மறந்தாள். நாற்பதாவது விநாடியில் படம் நின்றுவிட்டது.

'முப்பதாம் நாள். முடிந்தது: நாற்பது விநாடி. இலை திருத்தம்: 211 மணி நேரம். விளையாட்டு: 260 மணி நேரம்.'

ஜெசிந்தா மெல்லத் திரும்பினாள். "இதான் எப்பவாச்சுமா?"

"மிஷினுக்குக் கணக்கு வரலடி," என்றான் அல்போன்ஸ் கூரையைப் பார்த்து.

அடுத்தது அணில். இருப்பதிலேயே குட்டி. முகம், முடி, இலை எதையும் இழுக்கத் தெம்பில்லை. அதனால் திரையில் இருந்த ஜெசிந்தா, பின்னாலிருந்து வெளிச்சம் போட்டு எல்லாவற்றையும் கறுப்பு நிழலாக்கிவிட்டிருந்தாள். நிழல் யானை, நிழல் சிறுமி, சிவந்த வானம். ஆறு நிமிடமும் முழுசாக ஓடியது. இத்ரீஸ் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அணிலையே குடுங்க பாய்!"

பார்த்ததை அப்படியே எடுத்தாள். பத்தொன்பதாம் நாள் அனுப்பியும் விட்டாள்.

மறு மாதம் அலைவரிசைத் தேர்வாளர் வேதவல்லி திரையழைப்பில் வந்தார். சிரிப்பை அடக்கமுடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு படம் வந்துச்சும்மா. அதுல இருநூத்தி ஒம்பது நிழல் படம்! எல்லாரும் ஒரே மிஷின்ல கைய விட்டீங்களா?"

ஜெசிந்தா விசும்பினாள். "மேடம்..."

"அழாதீங்க. எல்லாருக்கும் இன்னும் பதினஞ்சு நாள் தர்றேன். வேற எதையாச்சும் அனுப்புங்க."

வேறு எது? ஐராவதம்தான்! இந்தத் தடவை இலையை நோண்டாமல் விட்டால் முடித்துவிடலாம். அரை மணியில் அல்போன்ஸை இழுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கு ஓடினாள். இத்ரீஸ் பாய் கடை வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை டீக்கடையைச் சுற்றி வளைந்திருந்தது.

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "ஐராவதமா?"

"ஆமாங்க."

"எனக்கும் அதான். உங்களுக்கும் இலை எல்லாம் ஆடுச்சா? நரம்புல எறும்பு?"

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அல்போன்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வரிசையை விட்டு விலகினாள்.

"ஏய், எங்கடி போற?"

"வீட்டுக்கு. இந்தத் தடவை என்ன வரும்னு எனக்கே தெரியல, அல்போன்ஸ்!"

இத்ரீஸ் பாய் எட்டிப் பார்த்துக் கூவினார். "மேடம்! கார்டு வாங்கலைன்னா பரவால்ல. கைய மட்டும் விட்டுட்டுப் போங்க, என்ன எடுப்பீங்கன்னு சொல்லிடும்!"

ஜெசிந்தா இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.