முதல் தடவைக்கே அசைந்த கால்கள்

பரிசோதனை அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். கட்டிலில் மூக்கம்மாள், ஆனைக்கரை ஏலத்தோட்டத்துக்காரி. கதவோரம் அவள் புருஷன் சுருளிவேல். கால்மாட்டில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாள் குப்பண்ணன். தலைமாட்டில் நர்ஸ் சரஸ்வதியம்மாள். வேறு யாரும் இல்லை. அன்று ராத்திரி படுத்த பிறகும் சரஸ்வதியம்மாள் இதை எண்ணிப் பார்த்தாள். நான்கு பேர்தான்.

எழுபத்தாறாம் வருஷம், ஆடி மாதம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சாயங்காலமே இருட்டிவிட்டிருந்தது. கணவாய்க் காற்று ஓட்டிடுக்குகளில் நுழைந்து ஊளையிட்டது. ஈரச் சுண்ணாம்பும் டெட்டாலும் கலந்த வாடை, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் ஒட்டியது. மூக்கம்மாளின் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து விலாவை நுரையீரல்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. எரிகிற தீக்குச்சியை முகத்துக்கு முன்னால் பிடித்தால் அவளால் ஊதி அணைக்க முடியவில்லை. இப்படியே விட்டால் அதிக நாள் தாங்கமாட்டாள்.

நாளைக் காலை பல் பல்லாக ஏற்றி நீட்டுகிற எஃகுக் கம்பி வைத்து முதுகை நிமிர்த்தப் போகிறார்கள். இழுக்கிற இழுப்பில் நரம்பு செத்தால் கால் இரண்டும் போய்விடும். அதைக் காட்டிக்கொடுக்க இயந்திரம் எதுவும் கிடையாது. ஒரே வழிதான். முதுகு திறந்து கிடக்கும்போதே மருந்தைக் குறைத்து ஆளை எழுப்ப வேண்டும். கையை அமுக்கச் சொல்ல வேண்டும், பிறகு காலை அசைக்கச் சொல்ல வேண்டும். கை அமுக்கினால் விழித்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் கால் அசையாவிட்டால் கம்பியை உடனே தளர்த்த வேண்டும். அப்படி எழுப்பத் தகுந்த நோயாளியா, காது கேட்குமா, சொன்னது புரியுமா, மிரண்டு துள்ளுவாளா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது சரஸ்வதியம்மாளின் வேலை. டாக்டர் மலையாளி. நோயாளியை எழுப்பும் குரல் தமிழில் இருக்க வேண்டும்.

இருதயத் துடிப்பு பரவாயில்லை. சளி இல்லை. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஊசியால் குத்திய இடத்தையெல்லாம் மூக்கம்மாள் சரியாகச் சொன்னாள்.

"இப்ப கண்ண மூடிக்க கண்ணு. நான் பேர் சொல்லிக் கூப்புடுவேன். மொதல்ல என் கைய அமுக்கோணும், அப்புறம் கால அசைக்கோணும். சரியா?"

"சரிக்கா."

"மூக்கம்மா. கைய அமுக்கு. கால அசை."

சரஸ்வதியம்மாளின் உள்ளங்கைக்குள் இருந்த விரல்கள் அப்படியே கிடந்தன.

"அசஞ்சுதுங்க சிஸ்டர்," என்றார் குப்பண்ணன். "ரெண்டு காலும்."

மூக்கம்மாள் கண்ணைத் திறந்தாள். "நான் அசைக்கலியே."

சுருளிவேல் சிரித்தான். "வீட்லயும் இதே கததான் சிஸ்டர். கஞ்சி ஊத்துன்னு மூணு தடவ கத்தணும்."

"மொத ரெண்டு தடவ இவுக குரலு பேய் கணக்காத்தான் இருக்கும்," என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்கு முன்னாடி பொறந்த மூணு புள்ளையும் தங்கலக்கா. அதான் மூக்கு குத்தி இந்தப் பேரு வச்சாக. கண்ணுக்குத் தெரியாம ஆரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும், மூணாவது தடவைக்குத்தான் ஏன்னு கேக்கணும்னு எங்காத்தா சொல்லிருக்கு. மொத ரெண்டு கூப்பிடும் வேற ஆளுக்காம்."

"நாளைக்கு நாந்தான கூப்புடறேன்? பகல்லதான?"

"கண்ண மூடிட்டா எல்லாம் ராத்திரிதானக்கா."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கையை நன்றாக அமுக்கினாள். காலும் அசைந்தது. குப்பண்ணனுக்கு வயசாகிறது, காற்றில் போர்வை ஆடியிருக்கும் என்று சரஸ்வதியம்மாள் நினைத்துக்கொண்டாள். டாக்டரிடம் போய், "நல்லாப் புரியுதுங்க, எழுப்பலாம்" என்றாள். மூன்று கூப்பிடு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். இல்லாவிட்டால் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட அந்தப் பெண்ணுக்கு மூச்சு இல்லை. மூன்று தடவை கூப்பிட்டால் தீர்ந்தது.

மறுநாள் காலை மழை. குப்புறக் கிடந்த மூக்கம்மாளின் முகம் பச்சைத் துணிக்கு அடியில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. சரஸ்வதியம்மாள் முக்காலியில் குனிந்து அந்தத் துணிக்குள் தலையை நுழைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயக்க மருந்தின் இனிப்பு வாடை. அதற்குக் கீழே சூடான ரத்த வாடை. மேலே கம்பியின் பல் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த உடம்பு மொத்தமாக ஒரு நூல் நீண்டது.

மயக்க மருந்து கொடுக்கும் இன்னாசிராஜ் குமிழைத் திருகினார். "கொறச்சிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்க."

பொறுத்தாள். கூப்பிட்டாள்.

"மூக்கம்மா."

பேரை மட்டும்தான் சொன்னாள்.

"அசஞ்சுதுங்க!" கால்மாட்டிலிருந்து குப்பண்ணன்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் இன்னாசிராஜ்.

கை அமுக்கவில்லை. நனைந்த துணி மாதிரிக் கிடந்தது. இமைகூட ஆடவில்லை.

"டாக்டர், கை அமுக்கலீங்க. இன்னும் ரெண்டு தடவ கூப்புடறனுங்க."

"கால் அனங்கியல்லோ, அசைஞ்சல்லோ. மதி, போதும் சிஸ்டர். ரத்தம் போகுது." டாக்டரின் குரலில் சந்தோஷம். "இன்னாசி, உறக்கிக்கோ."

கம்பி இன்னும் இரண்டு பல் ஏறியது. அப்போதுதான், துணியின் இருட்டுக்குள், அவள் பிடித்திருந்த கை மெல்ல அமுங்கியது. விட்டது. மறுபடி அமுக்கவில்லை. இப்போதுதான் விழிக்கிறாள் என்று சரஸ்வதியம்மாள் கத்தினாள். டாக்டர் தையல் நூல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தனி அறையில், மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டோடு மூக்கம்மாள் கண் விழித்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஏங்க்கா ஒரு தடவையோட நிறுத்திட்டீக? நான் காத்துக்கிட்டே கெடந்தேன்." பிறகு, "எங்காலு எங்கக்கா?"

சரஸ்வதியம்மாள் உள்ளங்காலில் ஊசியை வைத்தாள். அழுத்தினாள். ரத்தம் பொட்டாக வந்தது. மூக்கம்மாள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குத்துங்கக்கா. ஏன் குத்த மாட்டேங்குறீக?"

சரஸ்வதியம்மாள் டாக்டரிடம் ஓடினாள். கம்பியைத் தளர்த்த வேண்டும். இப்போதே. ராத்திரி தாண்டினால் கால் போனது போனதுதான். டாக்டர் நம்பாமல் வந்தார். கட்டிலருகே நின்றார்.

"கூப்புடாதீங்க டாக்டர். பேர் மட்டும் சொல்லாதீங்க."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மூக்கம்மா. கால் அனக்கு."

போர்வைக்கு அடியில் இரண்டு பாதங்களும் சேர்ந்தாற்போல் உயர்ந்தன. தாழ்ந்தன.

"நான் இல்ல," என்றாள் மூக்கம்மாள். "சாமி சத்தியமா நான் இல்லய்யா."

"மருந்தோட மயக்கம்," என்றார் டாக்டர். "கம்பி அவிடயிருக்கட்டும். சிஸ்டர், நிங்ஙளும் கொஞ்சம் உறங்ஙணும்." செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து போனது.

இப்போது யாரும் கூப்பிடவில்லை.

போர்வை நகர்ந்தது. ஒரு பாதம் வெளியே வந்தது. கட்டில் விளிம்பைத் தடவியது. தரையைத் தேடியது. கண்டுபிடித்தது.

அடுத்தது.

முழங்கால்கள் மடங்கின. மாவுக்கட்டுக்குள் இருந்த இடுப்பு இழுபட்டது. தலையணையிலிருந்து தலை சரிந்தது. மூக்கம்மாளின் இரண்டு கைகளும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தன.

"அக்கா. என்னைய ஆரோ எறக்குறாக."

சரஸ்வதியம்மாள் பின்னால் நகர்ந்தாள். சொந்தக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்று, டாக்டர் போனதும் நர்ஸை நோயாளியோடு உள்ளே விட்டு, குப்பண்ணன் வந்து அந்த அறையை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம்.

"சிஸ்டர் உள்ளதான இருக்கீங்க?" வெளியே அவர் குரல்.

அந்தப் பாதங்களிலிருந்து கண்ணை எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் தேடினாள். 

கட்டில் கம்பியிலிருந்து ஒரு விரல் விட்டது. இன்னொன்று. பாதங்கள் தரையில் முழுசாகப் பதிந்து, சரஸ்வதியம்மாள் நின்ற பக்கமாகத் திரும்பின.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது.