கணுக்காலில் ஒரு பெயர்

"வீடியோவைப் போடுங்க மேடம்."

கூடாரத்துக்குள் சட்டென்று பேச்சு நின்றது.

லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளின் விரல் அந்தரத்தில் நின்றது. உள்ளங்கையில் புகையிலை கசக்கிக்கொண்டிருந்த ஹவல்தாரின் கட்டைவிரலும் நின்றது.

உஜ்வலா கும்பார். வயது இருபத்திரண்டு. நெஞ்சில் 41 என்ற காகிதம். மேல்முறையீட்டு மேஜைக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றாள்.

போலீஸ் தேர்வு மைதானத்தில் தண்ணீர் கேட்கலாம். கழிப்பறைக்கு வழி கேட்கலாம். வீடியோவை மட்டும் கேட்கக் கூடாது... பயிற்சி அகாடமியில் கோச் தத்தா சார் முதல் நாள் நடத்திய முதல் பாடமே அதுதான். போன வருஷம் ஒருத்தி கேட்டாளாம். போட்டார்களாம். அவள் இரும்புக் குண்டு எறியும்போது குதிகால் கோட்டில் பட்டது பளிச்சென்று தெரிந்ததாம். இருந்த மார்க்கும் போச்சு! வீடியோ கேட்டால் முதலில் உங்களைத்தான் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கட்டும் என்றார்.

எண்பது பெண்கள் தலையாட்டினார்கள். உஜ்வலாவும்தான்.

இன்ஸ்பெக்டர் சுலபா கானடே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வீடியோ?"

"எண்ணூறு மீட்டர் மேடம். காலையில மூணாவது பேட்ச். முதல்ல கோட்டைத் தாண்டினது நான். லிஸ்ட்ல மூணு நிமிஷம் இருபத்துநாலு செகண்டுன்னு ஒட்டியிருக்காங்க. எட்டு மார்க்."

"நீ எவ்வளவுன்னு நினைக்கிறே?"

"ரெண்டு நாற்பத்தாறு."

ஹவல்தார் சிரித்தார். "இங்க வர்ற எல்லாருமே ரெண்டு நாற்பத்தாறுதாம்மா. கல்யாணத்துக்கு முன்னால நானும் ரெண்டு நாற்பத்தாறுதான்."

"அந்த டைம் லிஸ்ட்ல இருக்கு சார். வேற ஒருத்தி பேர்ல."

வேறு ஒருத்தி...

ருதுஜா ஜாதவ். எண் 42. இருபதுக்கு இருபது!

அந்தப் பெயரைப் படித்தபோது உஜ்வலாவின் அடிவயிற்றில் ஏதோ திகுதிகுவென்று பற்றிக்கொண்டது. புதிய நெருப்பு இல்லை. இரண்டு வருஷமாய் அணையாத நெருப்பு.

அகாடமி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. இரண்டு இரும்புக் கட்டில். நடுவில் ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைதோறும் ருதுஜாவின் அப்பா பைக்கில் வருவார். வாரத்துக்கு வேண்டிய முட்டை, பிசின் போட்ட சத்து லட்டு, வாழைப்பழச் சீப்பு எல்லாம் வரும். உஜ்வலாவுக்கு நேற்றைய சோள ரொட்டி, பச்சைமிளகாய்த் துவையல். ருதுஜா தன் ஓட்டப்பந்தய ஷூவைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவாள். கழுவி, ஜன்னலில் உஜ்வலாவின் பக்கமாய்க் காயவைப்பாள்!

ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது உஜ்வலா அந்த ஷூவைப் போட்டுப் பார்த்தாள். அறைக்குள்ளேயே ஆறு அடி நடந்தாள். ஒரு சைஸ் பெரியது. அது தனக்குச் சேரவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாய் இருந்தது.

விடிகாலை நாலு மணிக்கு லைட்டைப் போட்டு எழுந்து இருவரும் ஓடப் போவார்கள். மைதானத்தில் மட்டும் கதை வேறு. அங்கே உஜ்வலாவின் வெடித்த குதிகால்கள் முன்னால் போகும். அந்த ஷூ பின்னால் வரும். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மாறியதில்லை.

இன்று லிஸ்டில் மாறியிருக்கிறது.

இந்த மாவட்டத்தில் பெண்களுக்குப் பன்னிரண்டே இடம். எட்டு மார்க்கோடு போனால் பன்னிரண்டாவது இடத்தின் வாலைக்கூடத் தொட முடியாது. ஊரில் அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் மேஸ்திரி அதை ஓர் அரிவாள் என்று கணக்கு வைப்பான். தனிப் பெண்ணுக்கு வெட்டு வேலை கிடையாது. அந்த மேஸ்திரியின் அக்கா மகனுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வேலை கிடைக்காவிட்டால் உஜ்வலாதான் அந்த ஜோடி என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

குடும்பத்தில் முதல் பி.ஏ. பாதி அரிவாள்!

"உட்கார்" என்றார் சுலபா கானடே.

அவள் உட்காரவில்லை.

"காலைல உன் கணுக்கால்ல ஒரு பட்டை கட்டினாங்களே, அதுக்குள்ள சிப் இருக்கு. கோட்டைத் தாண்டும்போது மெஷின் அதைப் படிக்கும். மனுஷன் கை படாது. மெஷின் உனக்கு மட்டும் ஏம்மா வஞ்சனை பண்ணப் போகுது?"

"சிப் டைமைத்தான் மேடம் காட்டும். பேரை யாரோ தப்பா எழுதியிருக்காங்க. நெஞ்சுல நாற்பத்தொண்ணுன்னு பெருசா இருக்கே..."

"நெஞ்சு நம்பரை யாரு பார்க்கிறா?" கான்ஸ்டபிள் குறுக்கிட்டான். "அது கூட்டத்துல கூப்பிடறதுக்கு. பட்டை கட்டும்போதே அந்த சிப்ல உன் பேரை ஏத்திடுவோம். சிப்புதான் பேரு."



அகாடமியில் அப்படி இல்லை. ஒரு டப்பாவில் பட்டைகள் கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். கோட்டைத் தாண்டியதும் தத்தா சார் நெஞ்சு நம்பரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். அங்கே சிப் வெறும் கடிகாரம்.

இங்கே சிப்புதான் பெயர்!

"ஒரே ஒரு வழிதான் இருக்கு" என்று இன்ஸ்பெக்டர் மெல்லச் சொன்னார். கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "கட்டினதுக்கு அப்புறம் பட்டை மாறியிருக்கணும். அப்படி எதுவும் நடந்துச்சா?"

நடந்தது.

மாறவில்லை... மாற்றப்பட்டது. மாற்றிய கை உஜ்வலாவுடையது!

முந்தின நாள் மத்தியானம் அறைக்கு வெளியே ருதுஜா போனில் பேசிக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள். பட்டை கட்டுகிற ஆள் நம் ஆள்தான் பப்பா... எனக்கு வருவது செட் பண்ணின சிப்... பத்து செகண்ட் குறைத்துக் காட்டும்...

உஜ்வலா சுவரோடு சுவராய் நின்றாள். முட்டையும் அவளுக்கு. ஷூவும் அவளுக்கு. கடைசியில் கடிகாரமும் அவளுக்கா?

இன்று காலை, பட்டை கட்டும் கூடாரத்தில் ருதுஜா தன் பட்டையைக் கழற்றினாள். இறுக்குகிறது என்றாள். பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். உஜ்வலா தன் பட்டையைப் பிரித்தாள். அதை பெஞ்சில் வைத்தாள். ருதுஜாவுடையதை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எண்ணி நான்கு செகண்ட் ஆகியிருக்காது.

அப்புறம் ஓடினாள். வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை. ருதுஜாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிறோம் என்ற சந்தோஷத்திலேயே ஓடினாள்.

ஓடியது ருதுஜாவின் பெயரில்!

"எனக்குத் தெரியல மேடம்" என்றாள்.

சுலபா கானடே இருபத்தாறு வருஷமாய்ப் பொய்களைக் கேட்டு வருபவர். இந்தப் பொய்யையும் கேட்டுக்கொண்டார். மேல்முறையீட்டு ஃபார்மை நீட்டி, அவள் எழுதித் தந்ததும் வாங்கி வைத்தார். முதலில் கோட்டருகே எடுத்த வீடியோ, அதில் சந்தேகம் வந்தால் பட்டை கட்டும் கூடாரத்து வீடியோ, இரண்டும் வந்து சேரக் கால் மணி நேரமாகும் என்றார். ஃபார்மைத் திருப்பி வாங்கிக்கொள்வதென்றால் அதற்குள் வாங்கிக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றார்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உஜ்வலா உட்கார்ந்தாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது.

"ஃபார்மை வாங்கிக்கோ உஜ்வலே."

ருதுஜா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் கலவரம் இல்லை. வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வாங்கணும்? போடட்டும். யார் முதல்ல வந்தான்னு தெரியட்டும்."

"தெரியும். அப்புறம் கூடாரத்து வீடியோவும் போடுவாங்க. அதுல யார் கைடீ இருக்கும்? என் கையா?"

உஜ்வலா மெல்லத் திரும்பினாள்.

"நீ... பார்த்தியா?"

"எதுக்குப் பார்க்கணும்? நீ எடுப்பேன்னு தெரியும். என் சோப்பு சீக்கிரம் கரையுது. என் லட்டு ராத்திரியில குறையுது. என் ஷூவுக்குள்ள உன் கால் மண்ணு இருக்குது. என்கிட்ட எது இருந்தாலும் அது உனக்கு வேணும். அதான் பெஞ்சு மேல வெச்சுட்டுப் போனேன். கேமராவுக்கு நேரா இருந்த பெஞ்சு அது ஒண்ணுதான்."

"செட் பண்ணின சிப்புன்னு நேத்து உங்கப்பாகிட்ட..."

"நான் பேசினேன். அந்தப் பக்கம் யாரு பேசினா?"

ருதுஜா வாழைப்பழத்தை ஒரு கடி கடித்தாள்.

"போன்ல சார்ஜே இல்லடீ" என்றாள் ருதுஜா. "சிப்பாவது, செட் பண்றதாவது. போன வருஷம் நீ பி.ஏ. பரீட்சைக்குப் போனப்பவே நான் இங்க ஓடித் தோத்துட்டுப் போனவ. சிப்புதான் பேருன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதுன்னும் தெரியும்."



பூட்டை உடைக்கவில்லை. ஆளை மிரட்டவில்லை. ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. உஜ்வலாவின் பொறாமையைக் கூப்பிட்டு, அதன் கையாலேயே திருட்டை முடித்திருக்கிறாள்!

"ஏன்டீ?"

ருதுஜா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் கோணியது.

"ஏனா? முட்டை தின்னேன். பால் குடிச்சேன். ஊர்லயே இல்லாத ஷூ போட்டேன். கண்ணைத் திறந்தா முன்னாடி உன் வெடிச்ச குதிகால்! ரெண்டு வருஷம் அதையே பார்த்துக்கிட்டு ஓடினேன். உனக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நினைச்சியா?"



ருதுஜா எழுந்தாள். குரலில் இரக்கம் வந்திருந்தது. அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"வீடியோ போட்டா உன்னை நிரந்தரமா விலக்கிடுவாங்க. கேஸ்கூடப் போடலாம். பேசாம இரு. அடுத்த வருஷம் ஓடு. அப்ப எனக்குச் சம்பளம் வந்திருக்கும்... நானே உனக்கு ஷூ வாங்கித் தர்றேன்."

அவள் போய்விட்டாள்.

உஜ்வலா யோசித்தாள்.

புத்தி தெளிவாகத்தான் சொன்னது. வாயை மூடு. எட்டு மார்க்கோடு வீட்டுக்குப் போ. அப்பாவின் காலில் விழுந்து இன்னும் ஒரு வருஷம் கேள். ருதுஜாவும் அதைத்தான் நம்பியிருந்தாள். எந்தப் பைத்தியம் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்ளும்?

ஆனால் கண்ணுக்குள் ஒரு படம் ஓடியது. கணபதி ஊர்வலம். சாலை நடுவில் ருதுஜா. காக்கிச் சட்டை, நெஞ்சில் பெயர்ப் பலகை, வாயில் விசில். மூன்று இருபத்துநாலில் ஓடுகிற கால்கள், இரண்டு நாற்பத்தாறின் பூட்ஸுக்குள்!

என் கால்களால் வாங்கிய காக்கி.

வேலை போனால் போகட்டும். அந்தக் காக்கி மட்டும் அவள் உடம்பில் ஏறக் கூடாது!

எழுந்து கூடாரத்துக்குள் நடந்தாள்.

"ஃபார்மைத் திருப்பி வேணுமா?" என்றார் சுலபா கானடே. தயாராக எடுத்து மேலேயே வைத்திருந்தார்.

"வேணாம் மேடம். ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

நின்றபடியே எழுதினாள். நான்கு வரி. பட்டையை மாற்றியது நான். மாற்றிய நேரம், இடம். எனக்கு என் நேரத்தையும், 42-க்கு அவள் நேரத்தையும் எழுதிக்கொள்ளவும். ருதுஜாவின் போன் நாடகத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. சாட்சி கிடையாது. தேவையும் கிடையாது. மூன்று இருபத்துநாலு போதும், அவளை வெளியே தள்ள.

இன்ஸ்பெக்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா இந்த வருஷம் மட்டும் இல்ல, எந்த வருஷமும் நீ இந்த மைதானத்துக்குள்ள வர முடியாது. கேஸ் போடறது எஸ்.பி. இஷ்டம்."

"தெரியும் மேடம்."

"மனசாட்சி உறுத்திச்சா?"

"இல்ல மேடம். பொறாமை."



உஜ்வலா கையெழுத்துப் போட்டாள்.

ஹவல்தார் தாளை எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மேடம்... புகார் குடுத்தவளும் இவதான். குற்றவாளியும் இவதான். சாட்சியும் இவதான். கேஸை முடிச்சதும் இவதான். அப்புறம் நம்மளை எதுக்கு அரசாங்கம் வெச்சிருக்கு?"

சுலபா கானடே சிரிக்கவில்லை. லிஸ்டைத் திருத்தி ஒட்டும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னார். உஜ்வலாவிடம், கூப்பிடும்போது வரவேண்டும், இப்போது போகலாம் என்றார். அவள் திரும்பியபோது மட்டும், யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "நல்ல போலீஸா வந்திருக்க வேண்டியவ."

உஜ்வலா நெஞ்சிலிருந்த காகிதத்தைப் பிய்த்தாள். மேஜையில் வைத்தாள். வெளியே நடந்தாள்.

மேஸ்திரியின் அக்கா மகனுக்குக் கழுத்தை நீட்டப் போவதில்லை. அதை வேப்பமரத்தடியிலேயே முடிவு செய்தாயிற்று. அப்பாவுக்கு வரும் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லா முடிவுகளும் கைவசம் இருந்ததால் நடையில் அவசரம் இல்லை.

அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். கான்ஸ்டபிள் புதுத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். 41, விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பு. 42, மூன்று நிமிஷம் இருபத்துநாலு, மார்க் எட்டு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ருதுஜா ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உஜ்வலாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பைத்தியமாடீ நீ? உன்னையும் அழிச்சு, என்னையும் அழிச்சு... இதுல உனக்கு என்னடீ கிடைச்சுது?"

உஜ்வலா கையை விடுவித்துக்கொண்டாள். கேட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளைக்குக் காலையில நாலு மணிக்கு ஓடப் போகும்போது லைட்டைப் போடாதே ருதுஜா. நான் தூங்கிட்டிருப்பேன்."