எந்த ஐஸ்பெட்டி?

நிரோஷினி மருந்துக் குப்பியையும் அதன் அட்டைப்பெட்டியையும் ஸெய்னுதீனின் மேசையில் வைத்தாள். அம்மாவின் புற்றுநோய்க்காகக் கொழும்பிலிருந்து அவளே கொண்டுவந்த சிவப்பு ஊசிமருந்து.

"அடியில மண்டி கிடக்குது, ஏத்த ஏலாதெண்டு தாதி திருப்பிவிட்டிட்டா, ஐயா. என்ர தம்பி ஜனுஷன்தான் மாத்தியிருக்கிறான். அவன்ர வள்ளத்து எஞ்சின் பழுது, திருத்தக் காசில்ல. நல்லதை வித்துப்போட்டுப் போலியை வைச்சிட்டான்."

கூடப் பிறந்தவன் அப்படிச் செய்வானா? ஆனால், காலையில் அவனைக் கள்ளன் என்று அயல் கேட்க ஏசிவிட்டுத்தான் வந்திருந்தாள். அம்மாவின் ஊசி ஏற்கெனவே பிந்திவிட்டது.

ஓய்வுபெற்ற மருந்துப் பரிசோதகர் ஸெய்னுதீன் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். மூடியின் முத்திரை உடையவில்லை. அட்டைப்பெட்டி நனைந்து காய்ந்து, மூலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"போலிதான், சேர். பழைய பெட்டி" என்றாள் உதவியாளர் லக்சனா.

"பொறுங்கோ பிள்ளை." அவர் நிரோஷினியிடம் திரும்பினார். "தம்பியிட்ட என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"பஸ்ஸால இறங்கி நேர ஆஸ்பத்திரிக்குப் போனனான். ஐஸ்பெட்டியில வை எண்டு சொல்லிக் குடுத்தனான்."

"அவரைக் கூப்பிடுங்கோ."

ஜனுஷன் இறங்குதுறையிலிருந்து வந்தான். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

"மருந்தை எங்க வைச்சனீர், தம்பி?"

"ஐஸ்பெட்டியிலதான்."

"எந்த ஐஸ்பெட்டி?"

"வள்ளத்து மீன்பெட்டி. வீட்டில கரண்ட் நிண்டு நிண்டு வருது. இது உப்புப் போட்ட ஐஸ், அறுக்குளா மீனே கல்லாக் கிடக்கும். பிறகு துடைச்சுத்தான் அக்காட்டக் குடுத்தனான்."

ஸெய்னுதீன் அட்டைப்பெட்டியில் பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது அந்த உப்பு. உப்புச் சேர்ந்தா ஐஸின்ர குளிர் இன்னும் இறங்கும், மருந்தும் உறையும். இந்த மருந்து பொஸ்போலிப்பிட் எண்ட கொழுப்பால செய்த, கண்ணுக்குத் தெரியாத குமிழியளுக்குள்ள இருக்கு. புற்றுநோய்க் கட்டிக்குப் போய்ச் சேருமட்டும் குமிழி அதைப் பொத்திக்கொண்டு போகும். உறைஞ்சா குமிழி கிழியும், கொழுப்புத் திரண்டு மண்டியாகும். முத்திரை உடையேல்ல, ஆரும் மாத்தேல்ல. மருந்து நல்லதாத்தான் வந்தது, தம்பியும் நல்லவர். வைச்ச பெட்டிதான் பிழை."

"அப்ப அம்மாட மருந்தைக் கெடுத்தது நான்தான்" என்றான் ஜனுஷன்.

"நான் வீட்டுப் பிரிட்ஜைத்தான் நினைச்சனான், ஒழுங்காச் சொல்லேல்ல" என்றாள் நிரோஷினி.

ஸெய்னுதீன் கொழும்பில் இரண்டு இடங்களோடு தொலைபேசியில் கதைத்தார். வேறொரு குப்பி இருந்தது; ஆள் போய் எடுக்க வேண்டும்.

"நான் போறன், சேர்" என்று லக்சனா எழுந்தாள்.

நிரோஷினி அங்கிருந்த மருந்துக் குளிர்ப்பெட்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். "நீ போயிட்டு வா."

அவன் வாங்கத் தயங்கினான். "எவ்வளவு குளிர், அக்கா?"

"குடிக்கிற தண்ணி குளிரிற அளவு. உறையக்கூடாது."

"உறையக்கூடாது" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினான்.